வார்த்தை சொல்லாமல் ஊற்றிய தண்ணீர்

1935 ஜனவரி 8, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் நாள். என் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி, எல்லாம் காய்ச்சல். கேகாலைப் பக்கம் வீட்டுக்கு வீடு சாவு என்று பேப்பரில் போட்டிருக்கிறான். கண்டி மேட்டில் இருக்கிறது, இங்கே மலேரியா ஏறி வராது என்று அம்புறோஸ் அடித்துச் சொல்கிறார். கடிக்கிற நுளம்புகளுக்கும் தான் வேலை செய்கிற கந்தோரிலிருந்து உத்தரவு அனுப்பியிருப்பார் போல. அப்படிச் சொன்னவர், எனக்குத் தெரியாமல் ஒரு கொயினா மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். என் புருஷனை எனக்குத் தெரியாதா?

ஞானோபதேச வகுப்பில் இன்றைக்கு ஞானஸ்நானப் பாடம். “ஆபத்து வேளையில் யார் கொடுக்கலாம்?” “ஆணாயினும் பெண்ணாயினும் எவரும் கொடுக்கலாம்” என்று பிள்ளைகள் ராகம் போட்டுச் சொன்னார்கள். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். தண்ணீர் மட்டும் போதாது, வார்த்தை மட்டும் போதாது. அதற்கு அடுத்த கேள்வி, ஞானஸ்நானம் இல்லாமல் சாகும் குழந்தைகளைப் பற்றியது. அதை நான் இரண்டு வருஷமாகத் தாண்டிவிடுகிறேன். இன்றைக்கும் தாண்டினேன்.

பக்கத்து வீட்டுப் பரிமளத்தின் பிள்ளைக்கும் நேற்றிலிருந்து காய்ச்சல். பாலாம்பிகை என்று பெயர், ஒரு வயதும் இரண்டு மாதமும். அழுகை சுவர் வழியாகக் கேட்கிறது.

ஜனவரி 10, வியாழன்

அழுகை குறைந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 11, வெள்ளி

எழுதினால் மனம் அடங்குமா பார்ப்போம்.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து படியில் கால் வைக்கவில்லை, பரிமளம் ஓடிவந்து கையைப் பிடித்தாள். “டீச்சரக்கா, வந்து பாருங்களேன், புள்ள கண்ண மேல சொருகுது.” அவள் புருஷன் வீரசிங்கம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அப்போத்திக்கரியைக் கூட்டிவர ஓடியிருந்தார். பாயில் பிள்ளை விறைத்துக் கிடந்தது. உதடு நீலம். பரிமளம் வெந்நீர் வைக்க அடுப்படிக்கு ஓடினாள். அறையில் நானும் பிள்ளையும் மட்டும்.

அந்த நீல உதட்டை நான் முன்னாலும் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை பத்தொன்பது நாள் இருந்தாள். ஞானத்தகப்பனாக அம்புறோஸின் அண்ணன் அந்தோனி மன்னாரிலிருந்து வரவேண்டும், வந்த பிறகு கோயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று காத்திருந்தோம். இருபதாம் நாள் விடிய நான் தொட்டபோது குளிர்ந்துபோயிருந்தாள். தண்ணீர் ஊற்ற எனக்குத் தெரியும், நான்தானே ஊருக்கெல்லாம் படிப்பிக்கிறேன்! செத்த பிள்ளைக்கு ஊற்ற முடியாது. சேமக்காலையில், ஞானஸ்நானம் இல்லாதவர்களுக்கென்று மந்திரிக்காமல் விட்ட மூலையில் புதைத்தார்கள். அங்கே வைக்கிற பிள்ளைகளுக்கு வேதனை இல்லையாம். ஆண்டவருடைய முகத்தை மட்டும் ஒருநாளும் காணமாட்டார்களாம்.

முக்காலியில் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. எடுத்தேன், ஊற்றினேன். பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். பெயரும் வைத்தேன். என் பிள்ளைக்கென்று வைத்திருந்த பெயர், பெற்றீசியா. அதை ஏன் எடுத்தேனோ தெரியாது, வாயில் வந்துவிட்டது.

அப்போத்திக்கரி வந்து ஊசி போட்டார். விடியும்வரை தாங்குமோ என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 12, சனி

பிள்ளை இருக்கிறது.

ஜனவரி 15, செவ்வாய்

பால் குடித்ததாம். பரிமளம் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஒன்றை எழுதவேண்டும். யாருக்கும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதவேண்டும். “பால் குடிச்சிருச்சு” என்று அவள் சொன்னதும், ஒரே ஒரு கணம், என் மனதில் ‘ஐயோ’ என்றது. செத்திருந்தால் பாவமே அறியாமல் நேராக மோட்சத்துக்குப் போயிருப்பாளே என்று. ஒரு பச்சைப் பிள்ளை பிழைத்ததற்கு நான் ஐயோ என்றேன். பக்தியா இது? அல்லது எனக்குள்ளே பேய் கீய் குடியிருக்கிறதா? மனுஷருக்குப் பிறவியிலேயே பாவம் உண்டு என்று படிக்கும்போது, அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. இன்றைக்குத் தெரிந்தது.

ஜனவரி 20, ஞாயிறு

பூசைக்குப் போனேன், அந்த ‘ஐயோ’வோடு நற்கருணை நன்மை வாங்கத் துணியவில்லை. காலையில் மறந்துபோய்த் தேத்தண்ணி குடித்துவிட்டேன் என்று அம்புறோஸிடம் பொய் சொன்னேன். நன்மை வாங்குகிற நாளில் நடுச்சாமம் தொட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் வைக்காத மனுஷர் அவர்; என்னை ஒரு பார்வை பார்த்தார். இனி இந்தப் பொய்யும் சேர்ந்து நிற்கும்.

பின்னேரம் பரிமளம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்ந்து மொட்டை போட்டிருக்கிறார்கள். நான் தண்ணீர் ஊற்றிய தலையில் சந்தனம். ஞானஸ்நானத்தின் முத்திரை ஆத்துமத்தில் அழியாது என்று பாடம். அந்தப் பிள்ளை இப்போது யார்? வளர்ந்து பிள்ளையார் கோயிலில் விளக்குப் போடும்போதெல்லாம் அந்தப் பாவம் யார் தலையில்? பிள்ளை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது. வாங்கப் பயந்து, கையில் மாவு என்றேன்.

ஜனவரி 26, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டேன். கபிரியேல் சுவாமிதான் இருந்தார். யாழ்ப்பாணத்து மனுஷர், சுற்றி வளைக்கமாட்டார்.

“பிள்ளை சாகிற நிலையிலை இருந்ததோ?”

இருந்தது என்றேன். வார்த்தையைச் சரியாகச் சொன்னீரோ என்று கேட்டார், என்னையே ஒருதரம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அப்ப அது ஞானஸ்நானம்தான். நீர் செய்ததிலை பாவம் இல்லை, பிள்ளை. அது பிழைச்சதுதான் இப்ப சிக்கல்.”

வேறு இடமாக இருந்தால் சிரித்திருப்பேன். அவரும் கொஞ்சம் தடுமாறினார். சைவ வீட்டில் வளரும் பிள்ளைக்கு ஆர் வேதம் படிப்பிக்கிறது, தாய் தகப்பனுக்கு எப்படிச் சொல்கிறது, தான் யோசிக்கவேணும், அதுவரைக்கும் வாய் திறவாதேயும் என்றார். கடைசியில் குரல் இறுகியது. “சாகிற ஆபத்து நிச்சயமாத் தெரிஞ்சாலொழிய இனி ஒரு பிள்ளைக்கும் ஊத்தப்படாது. வளர்த்துவிட ஆளில்லாத வேதத்தை ஒரு பிள்ளையின்ரை தலையிலை ஏத்திறது சின்ன விஷயமில்லை. விளங்கிச்சோ?”

விளங்கியது சுவாமி. இனி ஏன் ஊற்றப்போகிறேன்?

பிப்ரவரி 2, சனி

பரிமளத்துக்குத் தெரியும். தெரியுமாம். அன்றைக்கே தெரியுமாம்!

பைப்படியில் குடம் நிறையக் காத்திருந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள். “டீச்சரக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு நீங்க தண்ணி ஊத்தி மந்திரம் சொன்னத நான் கதவுகிட்ட நின்னு பாத்தேன்.”

பைப்பை மூடிவிட்டுக் கேட்டேன். “ஏம்மா அப்ப தடுக்கல?”

“தடுக்கிறதா? எம் புள்ளைக்கு யாரு கை குடுத்தாலும் வேணாம்னு சொல்லுவேனா? உங்க தண்ணிதான் காப்பாத்துச்சு. அவருகிட்டயும் சொல்லிட்டேன். பிள்ளையாருக்கும் நேர்ந்தோம், மாதாவுக்கும் ஒரு மெழுகுதிரி ஏத்தச் சொல்லுன்னு சொல்றாரு.”

அது மந்திரம் இல்லை, வைத்தியமும் இல்லை, பிள்ளை பிழைத்தது ஊசியாலே என்று படித்துப் படித்துச் சொன்னேன். உங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு என் குடத்தையும் அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள். போகிறபோக்கில், பைப்படிப் பெண்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். ஒருநாளும் கோபப்படாத மனுஷி. என் பிள்ளை செத்த வருஷம் இவள் மசக்கையாக இருந்ததை மூன்று மாதம் என்னிடம் மறைத்தாள், எனக்கு மனம் நோகும் என்று. வாந்தி எடுக்கக்கூடச் சத்தம் கேட்காமல் கொல்லைக் கோடிக்குப் போயிருக்கிறாள். இந்தப் பரிமளம் மோட்சத்துக்குப் போகமாட்டாள் என்றுதான் நான் வகுப்பில் படிப்பிக்கிறேன். பிள்ளை பிழைத்ததற்கு ஐயோ என்ற நான் போகலாமாம். 

வீரசிங்கம் சண்டைக்கு வருவார், கல் எறிவார்கள் என்றெல்லாம் மூன்று கிழமையாகப் பயந்தேன். இப்படி நம்புவார்கள் என்று பயப்படத் தெரியவில்லை.

பிப்ரவரி 7, வியாழன்

இன்றைக்கு மூன்று பேர். பின்தெருவிலிருந்து றம்லத் தன் தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து, “டீச்சர், நீங்க ஓதித் தாற தண்ணி நல்லமாமே” என்கிறா. டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். போனார்கள், மனமில்லாமல்.

அம்புறோஸ் வரும்போது கடைசி ஆள் படியிறங்கிக்கொண்டிருந்தாள். “என்ன இது, வாசல்ல கோயில் திறந்திருக்கியா?” என்றார். கடிதம் எழுதித் தரச்சொல்லி வருகிறார்கள் என்றேன். இரண்டாவது பொய். கதிரையை இழுத்துப் போட்டுப் பேப்பர் படித்தார். ஆனால் பக்கம் புரளவில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

நாலு மணிக்கு ஒரு பெண், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்திருந்தாள். ரத்தினம்மா என்று பெயர், கொழுந்து பறிக்கிறவள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குச் சாமான் ஏற்றிப்போகிற வீரசிங்கத்தின் ஆள் வழியாக என் பெயர் மேலே போயிருக்கிறது. மார்போடு ஒரு ஐந்து மாத ஆண் பிள்ளை, கம்பளியில் சுற்றி. மாமனார் பெயர் வைத்திருக்கிறார்களாம், வீரய்யா.

தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்தான், ஆனால் கண் தெளிவாக இருந்தது, என் விரலைப் பிடித்து இழுத்தது. இதைவிட மோசமாகப் பத்துப் பிள்ளைகளை இந்த மாதம் பார்த்துவிட்டேன். பாலாவைப் போல இல்லை. சாகிற ஆபத்து நிச்சயமாகத் தெரியவில்லை. டிஸ்பென்சரிக்குப் போ என்றேன். போய்விட்டுத்தான் வந்தாளாம், போத்தலைக் காட்டினாள். “நீங்களும் ஊத்திட்டா என் மனசு ஆறிரும் தாயி” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுவாமி சொன்னது காதில் நிற்கிறது. இவளும் எழும்புகிறவளாக இல்லை. அப்போது ஒரு வழி கண்டுபிடித்தேன், பெரிய சாமர்த்தியம். தண்ணீரை ஊற்றினேன். வார்த்தையைச் சொல்லவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன். சுவாமிக்குக் கீழ்ப்படிந்த மாதிரியும் ஆயிற்று, அவள் மனம் ஆறின மாதிரியும் ஆயிற்று. என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மலையேறிப் போனாள்.

பிப்ரவரி 16, சனி

செத்துவிட்டது.

நேற்று விடிய. பரிமளம் வந்து சொன்னாள், கடை ஆள் சொன்னானாம். விரலைப் பிடித்து இழுத்த பிள்ளை. ஒரு ராத்திரி, அதற்குள்ளே. நான் என்ன டாக்டரா, கண் தெளிவாக இருக்கு, காய்ச்சல்தான், அது இதுன்னு தீர்ப்புச் சொல்ல? நாலே நாலு வார்த்தை. வாயிலதானே இருந்துச்சு. சொல்லியிருந்தா என்ன முத்தா உதிர்ந்திருக்கும்?

பரிமளம், “நீங்க ஊத்தியும் தங்கலியே, அதோட விதி அவ்வளவுதான்” என்று என் முதுகைத் தடவினாள். நான் ஊற்றவே இல்லையடி என்று கத்த வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரி 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். கைகால் உதறியது பொய்யில்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

ஒரு பிள்ளையை மோட்ச வாசலில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன். கொலை செய்கிறவன் உடம்பைத்தான் கொல்கிறான். நான் செய்ததற்குப் பெயர் என்ன?

சாப்பாடு இறங்கவில்லை. குளத்தைச் சுற்றி வரும்போது தண்ணீரைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இவ்வளவு தண்ணீர் சும்மா கிடக்கிறது. திடீரென்று எனக்கு நெஞ்சு அடைத்து இந்த நிமிஷம் செத்தால் எங்கே போவேன் என்று நினைத்தேன். ரோட்டு ஓரமாக ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கறுப்புக் குடையோடு போன ஒரு பெரிய மனுஷர் “என்னம்மா, மயக்கமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 6, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். பாலா அதைத் தொட்டுப் பார்த்துத் தன் நெற்றியிலும் இழுத்துக்கொண்டது. பரிமளம் சிரித்தாள், எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

மார்ச் 9, சனி

தபசுகாலம் முடிய, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரும், பாஸ்குக் கடமைக்கு வருஷத்தில் ஒருதரமாவது நன்மை வாங்காவிட்டால் ஊருக்கே தெரிந்துபோகும். அந்தப் பயத்தில்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன் என்றும் எழுதிவைக்கிறேன். ஆண்டவருக்குப் பயந்து மட்டும் போனதாக நடிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்றுவது போலப் பாவனை செய்து ஒரு தாயை ஏமாற்றியது பாவம், அதற்கு மனஸ்தாபப்படும் என்றார் கபிரியேல் சுவாமி. பட்டேன், உண்மையாகவே. பிள்ளை செத்தது உம்முடைய பாவமில்லை, நீர் டாக்குத்தர் இல்லை என்றார். மன்னிப்பும் தந்தார்.

நான் எழும்பவில்லை. “அந்தப் பிள்ளை இப்ப எங்கே சுவாமி?”

“திருச்சபை படிப்பிக்கிறது உமக்குத் தெரியும்தானே.”

“ஞானஸ்நானம் கிடைக்காமல் செத்தாலும், அதை ஆசைப்பட்டிருந்தால் போதும் என்று பாடத்தில் இருக்கே? அந்தத் தாய் நாலு மைல் நடந்து வந்தாளே சுவாமி. அந்த ஆசை பிள்ளைக்குக் கணக்கில் வராதா?”

“அது புத்தி தெரிஞ்ச ஆக்களுக்கு. தாயின்ரை ஆசை பிள்ளைக்கு ஆகுமெண்டு எங்கையும் எழுதேல்லை.”

“அப்போ தெரியாது என்றாவது சொல்லுங்களேன்.”

பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “தெரியாது எண்டு சொல்ல எனக்கு உத்தரவில்லை, பிள்ளை” என்றார். அவருக்கும் பயம் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

மார்ச் 31, ஞாயிறு

நாலு ஞாயிறாக நன்மை வாங்குகிறேன். வெளியே எல்லாம் சரி. மழை பெய்து காய்ச்சலும் குறைகிறது. வாசலுக்கு இப்போது யாரும் வருவதில்லை. தண்ணீரின் கீர்த்தி ரத்தினம்மாவின் பிள்ளையோடு போய்விட்டது. எனக்கு மட்டும் காலையில் கண் விழித்தவுடன் நெஞ்சு திடுக்கென்கிறது, ஏன் என்று நினைவு வர ஒரு நிமிஷம் எடுக்கிறது.

ஏப்ரல் 13, சனி

வருஷப் பிறப்பு. தோட்டத்தில் வேலை இல்லை. பதினொரு மணி இருக்கும், படியில் ரத்தினம்மா.

அவளைக் கண்டதும் உள்ளே ஓடி ஒளியத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. மடியிலிருந்து அவரைக்காயை எடுத்து வைத்தாள், லயத்துக்குப் பின்னாலே தானே போட்டதாம். கழுத்து எலும்பு தெரிய இளைத்திருந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

“டீச்சரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். லயத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பல்லு மொளைக்காத புள்ள, பால் மறக்காத புள்ள, வழி தெரியாம அலையும்னு கங்காணி வூட்டம்மா சொல்லுது. எனக்குத் தூக்கம் வல்ல. நீங்க அன்னைக்கு ஊத்துனீங்களே, உங்க சாமிகிட்ட சொல்லித்தானே ஊத்துனீங்க? எம் புள்ள அவருகிட்டப் போயிருச்சா?”

பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். தெரியாது. அந்த முகத்துக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. இல்லை, நான் வார்த்தை சொல்லவில்லை, உன் பிள்ளை போகவில்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் நான் படித்தது, பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது. வாயைத் திறந்தேன்.

“போயிருச்சு ரத்தினம்மா” என்றேன். “அலையல. அவருடைய மடியிலதான் இருக்கு.”

“நெசமாவா?”

“நெசமா.”

கோப்பையை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு தேத்தண்ணியை முழுவதும் குடித்தாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள், ஊற்றினேன். கொஞ்ச நேரம் அவரைக்கொடிக்குச் சாம்பல் தூவுவது பற்றிப் பேசிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 14, குருத்து ஞாயிறு

ராத்திரி முழுக்க அந்தச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பொய் சொன்னால் எனக்கு நாக்கு உலரும். அம்புறோஸிடம் சொன்னபோதெல்லாம் உலர்ந்தது. நேற்று உலரவில்லை.

ஏப்ரல் 20, பெரிய சனி

பின்னேரம் கோயிலில் ஆண் வரிசையும் பெண் வரிசையும் வாசல்வரை. என் முறை வந்தது. சொன்னேன்.

சுவாமி அலுப்பாக இருந்தார், காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். “தாயை ஆறுதல்படுத்தச் சொன்னீர். சரி. ஆனால் விசுவாச காரியத்திலை இல்லாததை இருக்கெண்டு சொல்லிப்போட்டீர். அதுக்கு மனஸ்தாபப்படும். இனிச் சொல்லமாட்டன் எண்டு ஆண்டவருக்கு வாக்குக் குடும்.”

“அவள் மறுபடி வந்து கேட்டால், சுவாமி?”

“கேட்டால் சொல்லப்படாது.”

“அவள் கேட்டால் நான் திரும்பவும் அதையேதான் சொல்வேன். எனக்கு வேறு சொல்ல வராது. அதற்கு மட்டும் எனக்கு மனஸ்தாபம் இல்லை.”

“பிள்ளை, அப்பிடியெண்டால் நான் மன்னிப்புத் தர ஏலாது. நாளைக்கு நீர் நன்மை வாங்கவும் ஏலாது. விளங்கிச்சோ?”

“விளங்கியது சுவாமி.”

அவர் எங்களுக்கு நடுவிலிருந்த பலகைக் கதவை மூடவில்லை. பின்னால் ஆட்கள் செருமுகிறார்கள், அவர் மூடவில்லை. “எனக்காகவும் வேண்டிக்கொள்ளும்” என்றார் கடைசியில், மெதுவாக. எழும்பி வந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்புறோஸிடம் முழுவதையும் சொன்னேன். பாலா, வீரய்யா, ரத்தினம்மாவுக்குச் சொன்ன பதில், சுவாமி சொன்னது, எல்லாம். மூன்று மாதப் பொய்களையும் வரிசையாக ஒப்புவித்தேன். நாளைக்குப் பாஸ்கு, நான் எழும்பிப் போகமாட்டேன், ஊர் பார்க்கும், உங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கையைக் கழுவினார், துவாயை எடுத்துத் துடைத்தார், படுக்கப் போய்விட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 21, பாஸ்கு ஞாயிறு

கோயில் நிரம்பி வழிந்தது. ஆண்கள் பக்கம் அவர் போனார், பெண்கள் பக்கம் நான். எப்போதும் முன்னிருந்து மூன்றாவது பெஞ்சுதான் அவருக்கு. பாஸ்கு நன்மைக்கு முதல் பத்துப் பேருக்குள் எழும்புகிற மனுஷர்.

நன்மைக்கு மணி அடித்தது. என் பெஞ்சில் எல்லோரும் எழும்பினார்கள். நான் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். ஒவ்வொருவராக என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டே தாண்டினார்கள், பெரியதம்பி வாத்தியாருடைய மனைவி நின்று, “எழும்பல்லியா?” என்றே கேட்டுவிட்டாள். தலையசைத்தேன். பெஞ்சு முழுவதும் காலி, நான் ஒருத்தி. நரகத்துக்கு இப்படித்தான் தனியாக உட்கார வைப்பார்களோ என்று நினைத்தேன். எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று தலையைத் தூக்கி ஆண்கள் பக்கம் பார்த்தேன்.

அங்கேயும் பெஞ்சுகள் காலி. மூன்றாவது பெஞ்சில் ஒரு முதுகு. அம்புறோஸ் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் அவரைத் தாண்டிப் போய் வாங்கிக்கொண்டு, அவரைத் தாண்டித் திரும்பி வந்தார்கள். அவர் எழும்பவில்லை. திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. கடைசி ஆள் வந்து உட்காரும்வரை, அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக அப்படியே இருந்தோம். சுவாமி கிண்ணத்தோடு திரும்பும்போது ஒரு கணம் இரண்டு பக்கமும் பார்த்தார்.

சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். தெரிந்தவர்கள் பாஸ்கு வாழ்த்துச் சொன்னார்கள், அவர் தொப்பியைத் தொட்டுப் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

“தேத்தண்ணி போடு டொரதி” என்றார். “நடுச்சாமத்துல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல்ல.”